கத்தி யார் கையில்?

அறுவைக்கூடத்திலே ஒருவர் மயக்கத்தில் ஆழ்ந்து கிடக்கிறார். விளக்கொளி அவர் வயிற்றின்மீது விழுகிறது. ஒருபுறம் தலைமை மருத்துவர். எதிர்ப்புறம், கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர். குடல்வாலை நீக்க, குடலிறக்கத்தைச் சரிசெய்ய, கல்லடைத்த பித்தப்பையை எடுக்க, அழுகிய விரலைக் களைந்து காலைக் காப்பாற்ற அவர் மூன்றாண்டுக் காலம் இரவு பகல் பாராது அங்கே நின்று பயில வேண்டும். பொது அறுவை மருத்துவம் என்பது அப்படிப்பின் பெயர்.

மேசைமேல் கிடப்பவர் என்ன குலம் என்று கத்தி கேட்பதில்லை. தோலைக் கீறினால் வருவது எவர்க்கும் செந்நீர்தான். ஆனால், கத்தி பிடிப்பவர் என்ன குலம், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்போர் ஊரிலே உண்டு. "மருத்துவர் வீட்டிலே பிறந்தால்தான் அந்தக் கை வரும், தலைமுறை தலைமுறையாக ஏட்டைத் தொட்டவனுக்குத்தான் அந்த மூளை வரும், ஏர் பிடித்தவன் மகனும், துணி வெளுத்தவன் மகளும் கத்தியைத் தொட்டால் நோயாளியின் கதி என்ன?" என்று, நோயாளியிடம் இரக்கம் கொண்டவர்போல நடித்து, பிறப்பின் பெருமையைப் பேசுவோர் உண்டு.

அவர்கள்மீது நாம் சினம் கொள்ளத் தேவையில்லை. வரலாற்றைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றுவோம். "அறுவை மருத்துவமே! உன்னை வளர்த்தவர் யார்? எந்தக் குடிலில் பிறந்தாய்? எவர் மடியில் தவழ்ந்தாய்?" என்று கேட்போம். அது தரும் விடை, பிறப்பை வைத்துப் பெருமை பேசுவோருக்கு இனிக்காது. நமக்கோ அது பாடம்.

கையைத் தாழ்த்திய காலம்

ஐரோப்பாவிலே ஒரு காலம் இருந்தது. மருத்துவம் கற்றவர் எல்லாம் கோயில் மதிலுக்குள்ளே இருந்த காலம். 1215-ஆம் ஆண்டு உரோமாபுரியிலே கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை, மேல்நிலைக் குருமார் அறுத்தலும் சுடுதலும் கொண்ட மருத்துவத்திலே ஈடுபடலாகாது என்று தடை விதித்தது. குருதி தோய்ந்த கை, திருப்பலிக்கு ஆகாத கையாயிற்று. பல்கலைக்கழகம் கண்ட பண்டிதர்களும் அதே வழியில் நடந்தனர். இலத்தீன் படிப்பதும், பழைய கிரேக்க ஆசான் காலன் எழுதியதை ஓதுவதும், நாடி பார்ப்பதும் உயர்ந்தோர் வேலை. கட்டியைக் கீறுவது, பல்லைப் பிடுங்குவது, குருதி வடிப்பது, சீழைத் துடைப்பது எல்லாம் தாழ்ந்தோர் வேலை.

அந்தத் தாழ்ந்த வேலை யாரிடம் சென்றது? எவர் கையிலே கூரிய கத்தி ஏற்கெனவே இருந்ததோ அவரிடம் சென்றது. ஊருக்கு முடி திருத்தியவர், முகம் மழித்தவர், அவரே ஊரின் அறுவை மருத்துவர் ஆனார்.

மருத்துவக் கல்விக்கூடத்தின் காட்சியைப் பாருங்கள்! உயரமான இருக்கையிலே பேராசிரியர் அமர்ந்து காலனின் நூலைப் படிப்பார். கீழே, முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் பிணத்தை அறுத்துக் காட்டுவார். நூல் ஒன்று சொல்லும். உடல் வேறொன்று காட்டும். ஆயினும் உடல்தான் தவறு, நூல் தவறாது! ஏட்டை நம்பி, கண்ணைச் சந்தேகித்த அந்தக் கொடுமை நூற்றாண்டுக் கணக்கிலே நீடித்தது.

அந்த இருக்கையிலிருந்து இறங்கி வந்தவர் வெசாலியஸ். பாதுவா பல்கலைக்கழகத்திலே அறுவையும் உடற்கூறும் கற்பித்த அந்த இளைஞர், கத்தியைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். 1543-இல், இருபத்தெட்டு வயதிலே, மனித உடலின் அமைப்பைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். காலன் மனித உடலை அறுத்துக் காணாமல், குரங்கையும் பிற விலங்குகளையும் அறுத்துக் கண்டதையே மனிதனுக்கும் பொருத்திச் சொன்னார் என்ற உண்மை வெளிப்பட்டது. கையும் கண்ணும் சேர்ந்தன, வேதவாக்கு வீழ்ந்தது.

சவரக் கடையிலிருந்து அரண்மனைக்கு

வெசாலியஸ் படித்தவர் வீட்டுப் பிள்ளை. படிக்காதவர் வீட்டிலிருந்து வந்த ஒருவர், அதே காலத்திலே, பிரான்சு நாட்டிலே, அவருக்கு நிகரான புரட்சியைச் செய்தார். அவர் பெயர் அம்புருவாஸ் பாரே. 1510-ஐ ஒட்டிப் பிறந்தவர். இலத்தீன் அறியாதவர். முடிதிருத்துவோரிடம் தொழில் பழகி, பாரிசிலே ஏழைகளின் பெரிய மருத்துவமனையில் பயின்று, படையோடு களத்திற்குச் சென்றவர்.

துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணிலே நஞ்சு இருக்கிறது, ஆகவே கொதிக்கும் எண்ணெயை அதிலே ஊற்றிச் சுட வேண்டும் என்பது அந்நாளைய நூல் விதி. 1530-களில் இத்தாலியப் போர்க்களத்திலே பாரேயும் அப்படித்தான் ஊற்றினார். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. காயம்பட்டவரோ வரிசையாகக் கிடக்கின்றனர். வேறு வழியின்றி, முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், கற்பூரத் தைலம் ஆகியவற்றைக் குழைத்துத் தடவினார். இரவு உறக்கம் கொள்ளவில்லை. நூல் விதியை மீறிவிட்டோமே, நாளைக் காலை எத்தனைப் பிணங்களைக் காண்போமோ என்று நெஞ்சு துடித்தது. விடியுமுன் ஓடிச் சென்று பார்த்தார். களிம்பு தடவப்பட்டவர் வலி குறைந்து உறங்கிக்கொண்டிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவர் காய்ச்சலில் துடித்துக்கொண்டிருந்தனர்.

பண்டிதராக இருந்திருந்தால், "நூலில் இல்லாதது எப்படி நடக்கும்?" என்று கேட்டிருப்பார். பாரே தொழிலாளி, கண் கண்டதை நம்பினார். அன்றுமுதல் கொதிக்கும் எண்ணெயைக் கைவிட்டார். 1545-இல் அதை நூலாக எழுதினார். எந்த மொழியில்? மன்னரும் மதவாணரும் மதித்த இலத்தீனில் அல்ல, தாய்மொழியாம் பிரெஞ்சில்! காலை வெட்டியெடுத்தபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் வழக்கத்தை விடுத்து, குருதிக்குழாயை நூலால் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். கையிழந்தவருக்கு வில்லும் பற்சக்கரமும் வைத்துச் செயற்கைக் கை வரைந்தார். எகிப்தியப் பிணப்பொடியும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பும் சகல நோய்க்கும் மருந்து என்று சீமான்கள் நம்பியபோது, அது வெறும் ஏமாற்று என்று 1582-இல் நூல் எழுதிச் சாடினார்.

பாரிசு மருத்துவப் பேராசிரியர்கள் பொங்கி எழுந்தனர். அவர் சொன்னது பொய் என்றா? இல்லை, இலத்தீன் தெரியாதவன், நாட்டு மொழியில், கற்றோர்க்கே உரிய செய்திகளை எழுதலாமா என்று! ஆயினும் நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராய் அமர்ந்தவர் அந்தச் சவரக்கடைப் பிள்ளைதான். பாரே வளர்ந்தது சவரக்கடையில். ஆர்வமோ புண்பட்டவன் உறங்குகிறானா என்று பார்ப்பதில். இரண்டுக்கும் தொடர்பு இல்லையா? ஏட்டுக்கு அடிமையாகாமல் இருந்ததால்தான் அவரால் மனிதனைப் பார்க்க முடிந்தது.

இங்கிலாந்திலும் இதே கதை. 1540-இல் எட்டாம் என்றி காலத்துச் சட்டம், முடிதிருத்துவோரையும் அறுவை மருத்துவரையும் ஒரே சங்கமாக்கியது. 1745 வரை, இருநூறு ஆண்டுக்கு மேலாக, இரு தொழிலாரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். அறுவை மருத்துவர்களுக்கு அரச கல்லூரி கிடைத்தது 1800-இல்தான். இன்றும் அந்நாட்டில் அறுவை மருத்துவர் 'டாக்டர்' என்று அழைக்கப்படுவதில்லை. 'மிஸ்டர்' என்றே அழைக்கப்படுகிறார். பட்டம் பெறாத தொழிலாளர் என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டதன் தழும்பு அது. இன்று அதுவே பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது!

தச்சுப் பட்டறையும் நுண்ணோக்கியும்

ஜான் ஹண்டர், 1728-இல் ஸ்காட்லாந்திலே பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. எறும்பு ஏன் ஊர்கிறது, இலை ஏன் நிறம் மாறுகிறது என்று வயல்வெளியில் திரிந்தவர். மைத்துனரின் தச்சுப் பட்டறையில் மரவேலை பார்த்தவர். இருபது வயதில் லண்டனுக்குச் சென்று, தமையன் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் எடுபிடியாகச் சேர்ந்தார். மரத்தின் நாரைப் பார்த்துச் செதுக்கிய கை, தசையின் நாரைப் பார்த்துப் பிரித்தது. 1785-இல், முழங்காலின் பின்னே குருதிக்குழாய் வீங்கிய வண்டியோட்டி ஒருவரின் காலை வெட்டாமலே காப்பாற்றினார். பல்லாயிரம் உடற்கூற்றுப் பொருள்களைத் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தார். அம்மைக்குத் தடுப்பு கண்ட எட்வர்டு ஜென்னர் அவருடைய மாணவர்.

அந்த நூற்றாண்டின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. இளம் மருத்துவர்கள் எவருடைய உடலை அறுத்துப் பயின்றனர்? ஏழைகளின் கல்லறையிலிருந்து இரவோடிரவாகத் திருடப்பட்ட உடல்களை! அந்தத் திருட்டை ஒழிக்க 1832-இல் வந்த சட்டம் என்ன செய்தது? அனாதை விடுதியில் இறந்து, கேட்பாரற்றுக் கிடந்த ஏழையின் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்க வழி செய்தது. உயிரோடு இருந்தபோது ஒரு வாய்க் கஞ்சிக்கு வழியற்றவன், செத்தபிறகு நாட்டுக்கே ஆசான் ஆனான்.

அடுத்த நூற்றாண்டின் பெரும்பெயர் ஜோசப் லிஸ்டர். அவர் ஏழையல்லர், தந்தையார் மது வணிகர். ஆனால் குவேக்கர் என்னும் சிறு சமயப் பிரிவினர். ஆங்கிலத் திருச்சபையை ஏற்காதவருக்கு ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் இல்லாத காலம் அது. சமயச் சோதனை வைக்காத லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி திறந்திருந்ததால் அங்கே சென்று பயின்றார். தந்தையாருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது: நுண்ணோக்கிக் கண்ணாடிகளைச் செப்பம் செய்வது. மகன் அக்கண்ணாடி வழியே உலகைப் பார்த்து வளர்ந்தார். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத உயிர்களே பொருளை அழுகச் செய்கின்றன என்று பாஸ்டர் சொன்னபோது, மற்றவர் நகைத்தனர், லிஸ்டர் நம்பினார். 1865-இல் கிளாஸ்கோ நகரிலே, வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து வெளியே தெரிந்த சிறுவனின் காலைக் கார்பாலிக் அமிலம் கொண்டு கட்டினார். அழுக வேண்டிய கால் ஆறு வாரத்தில் ஆறியது.

நல்லவேளை, சமயச் சோதனை வைக்காத கல்லூரி ஒன்று இருந்தது! அதுவும் இல்லாதிருந்தால்? ஒரு கதவு மூடப்படும்போது இழப்பு வெளியே நிற்பவனுக்கு மட்டும்தான் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

நம் மண்ணின் கதை

"இதெல்லாம் மேனாட்டுக் கதை, நம் நாட்டிலோ சுசுருதர் காலத்திலேயே அறுவை மருத்துவம் கொடிகட்டிப் பறந்ததே!" என்று மார்தட்டுவோர் உண்டு. பறந்தது, மறுக்கவில்லை. சுசுருத சம்கிதை சிறந்த நூல்தான். பூசணியிலும் வெள்ளரியிலும் கீறிப் பழகு, நீர் நிரப்பிய தோற்பையில் அறுத்துப் பழகு, நீரில் ஊறவைத்த உடலை அடுக்கடுக்காக நீக்கிக் கண்ணால் பார் என்று மாணவனுக்குச் சொல்லும் நூல் அது. அறுவை பயிலும் மாணவனைக் கையாலும் கண்ணாலும் கற்கச் சொன்ன அந்த அறிவை நாம் வணங்குவோம்.

ஆனால் அதே நூலில், யாரை மாணவனாகச் சேர்ப்பது என்ற விதியும் இருக்கிறது. மேல் மூன்று வருணத்தார்க்கு உபநயனம் செய்து கற்பிக்கலாம். நல்ல குடியிற் பிறந்த குணமுள்ள சூத்திரனாயின், மந்திரமும் இன்றி உபநயனமும் இன்றிக் கற்பிக்கலாம் என்பது சிலர் கருத்து, என்று அது கூறுகிறது. கூரான அறிவு கொண்ட நூலின் வாயிலிலேயே குலம் காவல் நிற்பதைப் பாருங்கள்! கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தவரும் "சிலர் கருத்து" என்ற அளவில்தான் திறந்து வைத்தனர்.

மனுவோ அந்த விரற்கடையையும் விட்டுவைக்கவில்லை. மருத்துவன் தரும் உணவு உண்ணத் தகாதது, சீழுக்கு ஒப்பானது என்றார். சிரார்த்த விருந்திலே மருத்துவனுக்கு இடமில்லை என்றார். புண்ணைத் தொடுபவன் தீட்டு. பிணத்தைத் தொடுபவன் தீட்டு. தீட்டுக்கு அஞ்சியவன் கத்தியைக் கீழே வைத்தான். சுசுருதரின் நூல் சுவடியிலே உறங்கியது.

கலை மட்டும் சாகவில்லை. அது எங்கே பிழைத்திருந்தது? 1794-ஆம் ஆண்டு லண்டன் இதழ் ஒன்றில் வந்த மடல் அதைக் கூறுகிறது. ஆங்கிலப் படையிலே மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், 1792 போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டுத் திரும்பினார். ஓராண்டு கழித்துப் பூனா அருகே ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் செய்து, அதை விரித்து நெற்றியிலே வைத்துக் கோடிட்டு, அந்த அளவுக்குத் தோலை எடுத்து, இரு கண்ணுக்கு நடுவே ஒரு துண்டு உயிர்த்தொடர்பை விட்டு, திருப்பிக் கீழே பொருத்தினார். ஆங்கில மருத்துவர்கள் கண்ணால் கண்டு வியந்தனர். அதைப் படித்த கார்ப்பியூ என்பவர், 1814-இல் லண்டனிலே அவ்வாறே செய்து வென்றார். இன்றைய ஒட்டறுவை மருத்துவத்தின் தொடக்கங்களில் ஒன்று அது.

செய்தவர் யார்? வேதம் ஓதியவரா? சம்கிதையை மனப்பாடம் செய்தவரா? செங்கல் அறுப்போர் குலத்தைச் சேர்ந்தவர் என்கிறது அந்த மடல். மூக்கிழந்தவரின் பெயரைப் பொறித்தனர். மூக்குத் தந்தவரின் பெயரைப் பொறிக்கவில்லை! மண்ணைப் பிசைந்து அச்சில் வார்க்கும் குலத்தின் கை, தோலை அளந்து மூக்காக வார்த்தது.

தமிழ்நாட்டிலும் நாம் தேட வேண்டியதில்லை, கண்ணெதிரே இருக்கிறது. ஊரிலே முடிதிருத்திய குலத்தாருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். கட்டியைக் கீறியவர் அவர். அவர் இல்லத்துப் பெண்மணி, பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. பாரிசில் பாரே, நம் ஊரில் மருத்துவர். அங்கே சவரக்கத்தி வளர்ந்து அரண்மனை ஏறிற்று. இங்கே? பெயர் மட்டும் மருத்துவர். நிற்க வேண்டிய இடம் தெருக்கோடி! கைகளுக்குள் வேறுபாடு இல்லை. கையை மதித்த நாட்டுக்கும் மிதித்த நாட்டுக்கும்தான் வேறுபாடு.

கதவு மூடியது எப்போது?

மயக்க மருந்து வந்தது, நோய்க்கிருமி அடங்கியது, அறுவை மருத்துவம் உயிர் காக்கும் உயர்தொழில் ஆனது. பொன்னும் புகழும் சேர்ந்தன. அப்போதுதான், நேற்றுவரை இதைத் தீண்டாதவர் வாயிலிலே வந்து நின்று, "யார் நீ?" என்று மற்றவரைக் கேட்கத் தொடங்கினர்.

முதலில் பெண்ணைக் கேட்டனர். 1869-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்த பெண்கள் எழுவர். 1870 நவம்பர் 18-இல் அறுவை மருத்துவர் மன்றத்திலே உடற்கூற்றுத் தேர்வு எழுத வந்தபோது, மாணவர் கூட்டம் வழிமறித்தது, சேற்றை வாரி வீசியது, வாயிலை மூடியது, தேர்வு நடக்கும் கூடத்துக்குள்ளே ஆடு ஒன்றை விரட்டிவிட்டது. 1873-இல் நீதிமன்றம், பெண்களைச் சேர்த்ததே தவறு என்றது. அந்த எழுவருக்குப் பல்கலைக்கழகம் பட்டம் அளித்தது 2019-இல். அவர்கள் மறைந்து பல்லாண்டுகள் கழித்து!

அமெரிக்க நாட்டிலே, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்தது. அங்கேதான் ஹால்ஸ்டெட் என்பார், இன்று உலகெங்கும் நடக்கும் பயிற்சிமுறையை வகுத்தார். இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். ஆண்டுக்காண்டு பொறுப்பு கூடும். பலர் அடியில் தொடங்கி, உச்சியை ஒருவரே அடைவர். 'ரெசிடென்ட்' என்று இன்று நாம் சொல்லும் சொல், அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தது. ஒழுங்கான பயிற்சி, உயர்ந்த பயன், ஐயமில்லை. ஆனால் ஹால்ஸ்டெட் நியூயார்க்கின் செல்வ வணிகர் வீட்டுப் பிள்ளை. ஆண்டுக் கணக்கிலே வீட்டை மறந்து மருத்துவமனையில் தங்க எவரால் இயலும்? வீட்டிலே அடுப்பு எரிய இவர் கூலியை எதிர்பார்க்காத குடும்பத்துப் பிள்ளையால் இயலும். வாயிலில் பூட்டு இல்லை. வாசற்படிதான் ஆள் உயரம்!

அந்த மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரி 1893-இல் திறந்தபோது பெண்களையும் ஆண்களுக்கு நிகராகச் சேர்த்தது. மனம் திருந்தியா? பணம் போதாமல் தவித்தபோது, பெண்களைச் சேர்த்தால்தான் தருவேன் என்று மேரி காரெட் என்னும் பெண்மணி நிபந்தனை வைத்துப் பெருநிதி தந்ததால்!

கறுப்பரின் நிலையோ இன்னும் கொடிது. 1840-களில் அலபாமா மாநிலத்தில் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி ஆகிய அடிமைப் பெண்கள்மீது, மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். அவருக்குச் சிலை எழுந்தது. 2018-இல்தான் நியூயார்க்குப் பூங்காவிலிருந்து அது அகற்றப்பட்டது. கறுப்பு உடல் கத்தியின்கீழ் கிடக்கலாம். கறுப்புக் கை கத்தியைப் பிடிக்கலாகாது என்பதே அன்றைய நீதி.

அந்த நீதியை உடைத்தவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ். செருப்புத் தைப்போரிடம் பழகுநராய் இருந்தவர். பின்னர் முடிதிருத்தும் கடையில் உழைத்தவர். 1883-இல் சிகாகோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். கறுப்பின மருத்துவருக்கும் செவிலியர்க்கும் மருத்துவமனைகள் கதவடைத்ததால், 1891-இல் பிராவிடென்ட் மருத்துவமனையை நிறுவினார். 1893-இல், நெஞ்சிலே கத்திக்குத்துப் பட்டு வந்த ஒருவரின் மார்பைத் திறந்து, இதயத்தின் உறையைத் தைத்தார். அவர் பிழைத்து நெடுநாள் வாழ்ந்தார். மூன்றரை நூற்றாண்டு இடைவெளி இருப்பினும், பாரேயும் வில்லியம்சும் ஒரே கடையிலிருந்து வந்தவர்கள்!

அடுத்தவர் விவியன் தாமஸ். தச்சர். கல்லூரியில் மருத்துவம் பயிலச் சேர்த்து வைத்த பணம், 1930-இல் வங்கி முறிந்தபோது பறிபோயிற்று. ஆல்பிரெட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, பதிவேட்டில் பதவி துப்புரவாளர்! பிறவியிலேயே இதயக் கோளாற்றால் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளைக் காக்க வழியுண்டு என்று ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர் சுட்டினார். அதற்கான முறையை ஆய்வுக்கூடத்தில் நாய்களின்மீது செய்து செய்து செப்பம் கண்டவர் தாமஸ். 1944 நவம்பர் 29-இல் பால்டிமோரில் முதற்குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னே ஒரு முக்காலிமீது நின்று, இப்படித் தையுங்கள், இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று சொன்னவர் அந்தத் தச்சர். அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வுரையில் அவர் பெயர் இல்லை. அவரிடம் கைத்திறன் பயின்ற இளைஞர்கள் நாடெங்கும் பெரும் பதவி அடைந்தனர். அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வந்தது 1976-இல்.

இன்னொரு கையையும் நினைவுகூர்வோம். 1894-இல் லியோன் நகரிலே பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கத்தியால் குத்தப்பட்டார். அறுந்த பெருங்குழாயைத் தைக்க எவருக்கும் தெரியாததால் மாண்டார். அந்நகரில் பயின்ற அலெக்சிஸ் காரல் என்னும் இளம் மருத்துவர், இதற்கு வழி காண எவரிடம் போனார் தெரியுமா? பட்டு நகரமாம் லியோனின் பூத்தையற்காரப் பெண்மணியிடம்! மெல்லிய ஊசி, மெல்லிய நூல், நடுங்காத விரல் - அவரிடம் கற்றதைக் கொண்டு குருதிக்குழாயைத் தைத்தார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அதே காரல், 1935-இல் எழுதிய நூலிலே, மனிதரைப் பிறப்பால் தரம்பிரித்து மேலோரைப் பெருக்க வேண்டும் என்று வாதாடினார். உழைக்கும் பெண்ணிடம் ஊசி பிடிக்கக் கற்றவர், உயர்குலப் பெருமை பாடினார்! கையின் பயிற்சி கருத்தின் பயிற்சியாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சென்னையின் வாயில்

எடின்பரோவிலே பெண்கள்மீது சேறு வீசி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவப் பள்ளி கல்லூரியாக வளர்ந்திருந்தது. 1875-இல் அது நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். ஆனால் அந்நால்வரில் தமிழ்ப்பெண் இல்லை.

1907-இல் வந்தார் முத்துலட்சுமி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். தாயார், தேவதாசி என்று முத்திரை குத்தப்பட்ட குலத்தவர். ஆண்கள் கல்லூரியில் இந்தப் பெண் படிக்கலாமா என்று ஊர் கூச்சலிட்டது. கூச்சலைக் கடந்து வந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதற்பெண் என்ற பெயர் பெற்றார். அவருடைய ஆர்வம் எங்கே சென்றது? தாயின் குலத்தை அழுத்திய தேவதாசி முறையை ஒழிப்பதில். அந்தச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. உடன்பிறந்தாளைக் கொன்ற புற்றுநோயை எதிர்ப்பதில். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எழுந்தது. பிறந்த இடத்தின் வேதனையே பின்னாளின் வேட்கையாயிற்று.

தனி ஒருவர் தாண்டியது போதுமா? எல்லாரும் நுழைய வழி வேண்டாமா? நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் பணிகளுக்கென்று பிறப்பித்த வகுப்புவாரி ஆணையின் முறை, பின்னர் கல்லூரி இடங்களுக்கும் வந்தது. பதினான்கு இடம் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ-இந்தியர்க்குமாக 1, முசுலிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடம் பற்றி எழுந்த செண்பகம் துரைராசன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு சூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்பட்டோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. நாட்டின் முதல் சட்டத்திருத்தத்தின் பின்னணியிலே மருத்துவக் கல்லூரியின் வாயில் நிற்கிறது!

போர் அத்தோடு முடிந்ததா? இல்லை. 2020-இல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு என்று தமிழகம் சட்டம் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்கு மேற்படிப்பில் தனி இடம் தர மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலே பணிபுரிந்து, அரிவாள் வெட்டையும் ஆறாத கால்புண்ணையும் தீக்காயத்தையும் நாள்தோறும் கண்டவர், அறுவை பயில வரும்போது எதிலே ஆர்வம் கொள்வார் என்று சொல்லவும் வேண்டுமா? 2022 சனவரியில் அதே நீதிமன்றம், அனைத்திந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் பிற்பட்டோர்க்கு 27 விழுக்காடு செல்லும் என்று கூறி, தேர்வு மதிப்பெண் ஒன்றே தகுதியாகாது, அதன் பின்னே நிற்கும் சமூக வசதிகளையும் காண வேண்டும் என்று விளக்கியது. செங்கல் அறுப்போர் குலத்துக் கை 1793-இலேயே காட்டிய உண்மை, இருநூறு ஆண்டு கழித்து நீதிமன்றப் படியேறியது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

நம்மைத் திரித்துக் கூற முனைவோர்க்கு ஒன்று சொல்வோம். செல்வர் வீட்டுப் பிள்ளை திறமையற்றவர் என்று நாம் கூறவில்லை. லிஸ்டரும் ஹால்ஸ்டெட்டும் செல்வர் வீட்டார்தாம். ஏழையாய்ப் பிறந்தால் போதும், கத்தி தானே ஓடும் என்றும் நாம் கூறவில்லை; பாரே களத்திலே பழகினார், தாமஸ் ஆய்வுக்கூடத்திலே ஆண்டுக் கணக்கில் பழகினார். பயிற்சி வேண்டும், கடும் பயிற்சி வேண்டும், பயிற்சியில் தேறாதவரை நிறுத்தவும் வேண்டும். நாம் கூறுவது ஒன்றே: பயிற்சிக்கு முன்னே பிறப்பைச் சோதிக்காதே! கை பிறப்பதில்லை, பழகுகிறது. பழக இடம் கொடுத்த நாட்டிலே அது உயிர் காத்தது. இடம் மறுத்த நாட்டிலே, மூக்கு அமைத்தவனின் பெயர்கூட எஞ்சவில்லை.

அறுவை பயிலும் இளந்தோழர்களே! உங்களில் பலர் வீட்டிலே முதன்முதலாகப் பட்டம் கண்டவர்கள். நீங்கள் வந்த இடத்தை மறைக்காதீர்கள். தறியிலே அறுந்த இழையை முடிந்த தாயின் விரல், நாற்றைப் பதமாகப் பிடுங்கிய தந்தையின் விரல் உங்கள் விரலில் இருக்கிறது. சொந்தத் தெருவிலே எந்த நோயைக் கண்டு, பணமின்றி, நேரமின்றி, மருத்துவரின்றி மாந்தர் மடிவதைப் பார்த்தீர்களோ, அதுவே உங்கள் ஆராய்ச்சிப் பொருளாகட்டும். காரலின் கதையை மறவாதீர்கள். கத்தியைக் கற்ற பின்னர், யாரிடம் கற்றோம் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னே வரும் ஒருவர், அதே வாயிலிலே, அதே கேள்விக்கு அஞ்சி நிற்பார். அவருக்காகக் கதவைப் பிடித்து நில்லுங்கள்.

கத்தி யார் கையில் என்று இனி எவரேனும் கேட்டால், பயின்றவர் கையில் என்பதே விடையாக இருக்கட்டும். பயில்வதற்கு எல்லார்க்கும் வழி இருக்கிறதா என்பதே நாம் திருப்பிக் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும்.